சாவி வீட்டில்தான் இருந்தது

பள்ளிக்கூடத்து மதில் ஓரம் குடிநீர்க் குழாய்ப் பள்ளத்தில் ஃபிட்டர் ஒருவர் காயமடைந்தது சம்பந்தமாக, வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு, காவல் நிலையத்தில் பெண் உதவி ஆய்வாளர் முன்பு ஆஜராகி, யாரும் கூப்பிடாமல் நானாக வந்து சொல்வது:

என் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் எழுதப்பட்டுவிட்டன. வயது நாற்பத்தேழு. பள்ளிக்கூடத்துப் பின்தெருவில் வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் கணவருடன் வசிக்கிறேன். குழந்தைகள் இல்லை. கணவருக்கு வயது ஐம்பத்திரண்டு. குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக வால்வு திறந்து மூடும் வேலை பார்க்கிறார். எந்தத் தெருவுக்கு எந்த நேரம் தண்ணீர் போக வேண்டும் என்பது அவர் கையில் இருந்தது. தெருவுக்கு அடியில் இருக்கும் வால்வைத் திருக, என் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி உண்டு. அதனால் அவருக்கு 'சாவிக்காரர்' என்று பெயர். என்னையும் 'சாவிக்காரர் வீட்டம்மா' என்று சொன்னால்தான் தெருவில் தெரியும். நான் முன்பு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். இப்போது எந்த வேலைக்கும் போவதில்லை.

நான் இயல்பில் வாயாடி. இதை எழுதத் தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார். விஷயத்துக்குத் தேவை என்று நான் சொன்னதால் எழுதியிருக்கிறார். என் கணவர் பேச்சில் சிக்கனம். "தெருவுக்குத் தெரு வால்வு வெச்சவங்க உன் வாய்க்கு ஒண்ணு வெக்க மறந்துட்டாங்களே" என்று சொல்லிச் சிரிப்பார். நான் பேச, அவர் கேட்க, இருபத்து மூன்று வருடம் குறையில்லாமல் ஓடியது.

சுமார் இரண்டரை வருடங்களுக்கு முன்பு, அவருக்கு ஐம்பது வயது முடியாத நிலையில், ஒரே காலையில் ஒரே வால்வை இரண்டு முறை மூடப் போனார். அதன் பிறகு சந்தைத் தெருவுக்கு இரண்டு நாள் தண்ணீர் விட மறந்துவிட்டார். ஆட்கள் காலிக் குடங்களோடு எங்கள் வாசலில் நின்று கத்தினார்கள். நான்தான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன். ஊருக்கே தண்ணீர் கொடுத்த மனிதரைத் தண்ணி போடுகிறார் என்று பேசினார்கள். அவர் காபியைக் கூடப் பாதிதான் குடிப்பார். அதன் பிறகு குளித்துவிட்டு வந்த ஈரத்தோடு மறுபடி குளிக்கப் போவது, கேட்டதையே கேட்பது என்று ஒவ்வொன்றாக வந்தது. பொது மருத்துவர் மனச்சோர்வு என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார். அதன் பிறகு நரம்பு மருத்துவர் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மறதி நோய் என்றார்.

"அது வயசானவங்களுக்குத்தானே டாக்டர் வரும்?" என்று கேட்டேன்.

"சில பேருக்கு முன்னாடியே வந்துடும்மா. அப்படி வந்தா கொஞ்சம் வேகமாவே போகும்" என்றார்.

கணவரின் வேலையிடத்தில் கொடுக்கச் சொல்லி டாக்டர் ஒரு கடிதம் தந்தார். இவருக்குத் தனியாகப் பொறுப்பான வேலை எதையும் தரக் கூடாது என்று அதில் இருந்தது. கடிதத்தின் தேதி பதினான்கு மாதத்துக்கு முந்தையது. ஜெராக்ஸ் கடைக்காரி என்பதால் மூன்று பிரதி எடுத்தேன். ஒன்றையும் யாரிடமும் கொடுக்கவில்லை. அசலை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

அன்று பேருந்தில் திரும்பி வரும்போதே டாக்டர் சொன்னதை மறைக்காமல் அவரிடம் சொன்னேன். அதன் பிறகு, "நாளைக்கு நீயும் கூட வர்றியா?" என்று கேட்டார். மறுநாளே கடை வேலையை விட்டுவிட்டேன். அன்று முதல் காலை ஐந்து முதல் ஏழு வரையும், பிற்பகல் மூன்று முதல் நான்கு வரையும் அவரோடு வால்வு வால்வாகப் போனேன். சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெருவில் சொல்லி வைத்தேன். எதிர்வீட்டுக்காரி, "இந்த வயசுல ஜோடியா கிளம்புறீங்க, நடக்கட்டும் நடக்கட்டும்" என்று கேலி செய்தாள். நானும் வெட்கப்பட்டது போல் சிரித்தேன்.

மொத்தம் பதினான்கு வால்வுகள். எதை எந்த நாள் திறப்பது என்பதை நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். திருகுவதை அவர் கை மறக்கவே இல்லை. எத்தனை சுற்று என்பது மட்டும் நடுவில் தவறிவிடும். அப்போது நிறுத்தி, "எத்தனை?" என்பார். "பத்தொம்பது" என்பேன். மறுபடி திருகுவார். மதில் ஓரத்துப் பெரிய வால்வுக்கு முப்பத்தாறு சுற்று. மேஸ்திரி உட்பட அலுவலகத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வராதபடி பார்த்துக்கொண்டவள் நான்.

சம்பளம் நின்றுவிடும் என்று பயந்து மறைத்தீர்களா என்று கேட்கப்பட்டது. அந்தப் பயமும் இருந்தது. ஆனால் அதுதான் காரணம் என்று எழுத வேண்டாம். வீட்டுக்குள் வந்துவிட்டால் அவர் ஜன்னல் ஓர நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். நான் பத்து வார்த்தை பேசினால் ஒரு பதில் வரும், அதுவும் எதற்கென்று தெரியாது. அக்கம்பக்கத்தார் முதலில் உள்ளே வந்து விசாரித்தார்கள். அதன் பிறகு வாசலோடு விசாரித்தார்கள். அதன் பிறகு வேகமாக நடக்கப் பழகிக்கொண்டார்கள். கணவரின் தம்பி, வயது நாற்பத்தாறு, வாரா வாரம் வருகிறவர், ஏழு மாதமாக வரவில்லை. கடைசியாக வந்த அன்று செருப்பை மாட்டிக்கொண்டே, "தப்பா நெனைக்காதீங்க அண்ணி. அண்ணனப் பாத்தா எனக்கு வரப்போறதைப் பாக்குற மாதிரி இருக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் செருப்பு வாரை இரண்டு முறை தவறவிட்டு மாட்டியதையும் பார்த்தேன். அதன் பிறகு நான் ரேடியோவோடு பேச ஆரம்பித்தேன். அது குறுக்கே பேசினாலும், பேசுவதை நிறுத்தாது.

சாவியைப் பிடித்தால் மட்டும் அவர் பழைய ஆள். எந்த வால்வு இறுகும், எந்த மூடியைக் காலால் தட்டித் திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருவார். நான் பேசினால் திரும்பிப் பார்ப்பார். ஒரு நாளில் அந்த மூன்று மணி நேரம் எனக்குப் புருஷன் இருந்தார். கடிதத்தைக் கொடுத்தால் சாவியை வாங்கிக்கொள்வார்கள், அந்த மூன்று மணி நேரமும் போய்விடும் என்று பயந்தேன். நான் ஒண்டியாக இருக்க முடியாமல்தான் அவரை வேலையில் வைத்திருந்தேன். இதை இப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேஸ்திரி போன் செய்தார். மதில் ஓரம் பெரிய குழாயின் இணைப்பில் கசிவு, பள்ளம் தோண்டியாகிவிட்டது, வால்வை மூட வேண்டும் என்றார். இருவரும் போனோம். அன்று காலை முறைக்குத் திறந்துவிட்டிருந்த வால்வை, அவர் திருக, நான் எண்ண, முப்பத்தாறு சுற்றில் மூடினோம். பழுது பார்க்கும்போது சாவியை வேலையிடத்தில் வைக்க மாட்டார்கள். வேறு யாரும் தெரியாமல் திறந்துவிடக் கூடாது என்பதற்காக, வால்வை மூடியவரே சாவியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும் என்பது முறை. மேஸ்திரியும், "சாவிய கையோட கொண்டு போயிடுங்கண்ணே. வேலை முடிஞ்சதும் போன் பண்றேன், அதுவரைக்கும் யார் கேட்டாலும் குடுக்காதீங்க" என்றார். என் கணவர் தலையாட்டினார். ஃபிட்டர் பள்ளத்தில் இறங்கும்போதுதான் நாங்கள் கிளம்பினோம். உலகத்திலேயே அந்தச் சாவி இருக்கக் கூடாத ஒரே வீடு எங்களுடையது என்பது அங்கே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாவியைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். தண்ணீர் நின்றுவிட்டதா என்று பார்க்கச் சமையலறைக் குழாயைத் திறந்தேன், மூடாமல் விட்டுவிட்டேன். வழக்கமாக அவர் தனியாக வெளியே போகாதபடி கதவை உள்பக்கம் பூட்டி, பூட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். அன்று பகல் ஒரு மணிக்கு அவருக்குச் சாப்பாடு வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நீ சாப்டியா?" என்று கேட்டார். எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்டார். இல்லை என்றேன். "உக்காரு" என்றார். எதிரில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். எதிர்வீட்டுக்காரியின் மருமகள் கதை முழுவதையும் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில் சரியாகச் சிரித்தார். எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டுச் சற்றுத் தலைசாய்த்தேன். பல மாதமாக இல்லாத தூக்கம் வந்தது. கதவைப் பூட்டவில்லை.

அதன் பிறகு குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு விழித்தேன். மணி மூன்று இருபது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு எங்கள் தெருவுக்கு மறுபடி தண்ணீர் விடும் முறை. அன்று மட்டும் வரக் கூடாது. கதவுக்குப் பின்னால் சாவி இல்லை. செருப்புப் போடாமல் ஓடினேன். வால்வு மதிலின் இந்தப் பக்கம் இருக்கிறது, பள்ளம் முக்குத் திரும்பினால் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் ஒரே கூச்சல். இந்தப் பக்கம் என் கணவர் நிதானமாகத் திருகிக்கொண்டு, "முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு" என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீ தூங்கிட்டிருந்த, எழுப்பல. நானே எண்ணிட்டேன் பாரு" என்றார். ஒரு சுற்றும் தவறவில்லை. பாராட்டுக்காகக் காத்திருக்கும் முகம். நான் சாவியைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் திருக ஆரம்பித்தேன். கை ஓயும்போது தெருவில் போன இரண்டு பேர் வந்து சேர்ந்து திருகினார்கள். அதன் பிறகு பள்ளத்துக்கு ஓடிப் பார்த்தபோது, சேற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து ஃபிட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். புதிதாக மாட்ட வைத்திருந்த குழாய்த் துண்டு புரண்டு, அவருடைய வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

புதன்கிழமை மாலை மருத்துவமனைக்குப் போனேன். ஃபிட்டருக்கு வயது முப்பத்தொன்று. ஆறு மாதம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நியாயம்தான். ஃபிட்டர் மட்டும் பேசினார். "சாவி அண்ணன் வீட்ல இருக்குன்னு சொன்னாங்க. அந்த தைரியத்துலதானே அக்கா எறங்கினேன்" என்றார். கடிதம் பற்றி அவரிடம்தான் முதன்முதலில் சொன்னேன்.

வியாழக்கிழமை கணவரின் தம்பி வீட்டுக்கு வந்தார். நோய் இருப்பதால் அண்ணனை ஒன்றும் செய்ய மாட்டார்கள், நோயே எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டால் என்னையும் விட்டுவிடுவார்கள், கடிதத்தைக் கிழித்துப்போடுங்கள் என்று சொன்னார். எங்கள் நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் இரவு முழுக்க யோசித்தேன். தெரியாது என்று சொன்னால், கால் முறிந்தது என் கணவரின் கையால் என்று ஆகிவிடும். அந்தக் கைக்குச் சொல்லிக்கொடுத்த வேலையை அது சரியாகச் செய்தது. தெரிந்திருந்தவள் நான். பூட்டாதவள் நான். காலையில் தம்பியையே ஆட்டோ பிடிக்கச் சொல்லி, மூவருமாக இங்கே வந்தோம்.

எழுதியதை வாசித்துக் காட்டியபோது, 'கணவரின் நோயின் தன்மையை முழுமையாக அறியாத நிலையில்' என்று ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. உதவி ஆய்வாளர் என் முகத்தைப் பார்த்து, "யோசிச்சு சொல்லுங்கம்மா. இந்த ஒரு வரி இருந்தா உங்களுக்கு நல்லது" என்றார். என் பேச்சை இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டவர் இந்த வருடத்தில் அவர் ஒருவர்தான், அவருக்கு என் நன்றி. வரியை அடித்துவிட்டு, 'முழுமையாக அறிந்திருந்தும்' என்று எழுதச் சொல்லி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

அதன் பிறகு, என்னைக் காவலில் வைக்க நேர்ந்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்கப்பட்டது. கணவரின் தம்பி பெயரை எழுதிக்கொள்ளலாமா என்றார் எழுத்தர். கணவர் பெயரை எழுதச் சொன்னேன். அவர் வெளியே பெஞ்சில் தம்பியோடு உட்கார்ந்திருக்கிறார். சொன்னால் புரியுமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். புரியும். வருத்தப்படுவார். கால் மணி நேரத்தில் மறந்துவிட்டு, அவள் எங்கே என்று கேட்பார். நான் கடைக்குப் போயிருப்பதாக யாரும் சொல்ல வேண்டாம். பதினான்கு மாதமாக ஊருக்கெல்லாம் பொய் சொன்னேன், அவரிடம் மட்டும் சொன்னதில்லை. எத்தனை முறை கேட்டாலும் நான் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். "இப்பதானே சொன்னேன்" என்று மட்டும் யாரும் அவரிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேற்கண்டது முழுவதும் நான் சொன்னதுதான், நடந்ததுதான். யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. வாசிக்கக் கேட்டு, திருத்தம் செய்து, என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)