சாம்பாரில் அடித்த சோப்பு வாசம்

தாய்மாரே, இன்னைக்குப் பேச்சுல மேலே போறதுக்கு முன்னால, மூணு வாரத்துக்கு முந்தி நம்ம கோயில் மடப்பள்ளியில நடந்ததை ஒரு குட்டிக் கதையாச் சொல்லிடுறேன்.

அன்னைக்கு அங்கே இருந்தவங்க அஞ்சு பேர். சமைச்ச ஆவுடையம்மா மதினி, அவங்க வீட்டுக்குப் புதுசா வந்த மருமக தர்ஷினி, இலை போட்ட கோமு அக்கா, பாத்திரம் தேய்க்கிற பேச்சியம்மா, அஞ்சாவது நான். அம்பாளும் இருந்தா... அவளை யாரும் கேட்கல.

சாம்பாரை இறக்கி, மல்லித்தழை தூவி, படைச்சாச்சு. படைக்கிறதுக்கு முன்னால நாம நாக்குல வைக்கிறதில்லையே. தீபாராதனை முடிஞ்சு உட்கார்ந்தோம். தர்ஷினி ஒரு வாய் வச்சா... முகம் சுருங்கிப்போச்சு.

"அத்தை, சாம்பார்ல சோப்பு வாசம் அடிக்குது."

கோமு அக்கா மோந்து பார்த்தாங்க. "ஆமா... லேசா..." நானும் மோந்தேன். அதுவரைக்கும் ரெண்டு கரண்டி சாப்பிட்டவதான் நான். அவ சொன்னப்புறம் எனக்கும் அடிச்சுது!

மதினி திரும்பினாங்க. "ஏட்டி பேச்சி, அம்பாள் பாத்திரத்தைக்கூட ஒழுங்கா அலசமாட்டியா?"

பேச்சியம்மா என்ன சொன்னா தெரியுமா? "எந்தச் சோப்பும்மா? நீங்க குடுக்கிறது புளியும் சாம்பலும்தானே?"

யாராவது அதைக் காதுல வாங்கினோமா? இல்ல. "நெருப்பில்லாமப் புகையுமா?"னு சொன்னது நான். பேச்சியம்மா சேலை நுனியில கையைத் துடைச்சுட்டுப் போனவதான்... பன்னெண்டு வருஷமா வந்தவ, அப்புறம் வரவே இல்ல.

அடுத்த வெள்ளிக்கிழமை, தர்ஷினி மல்லித்தழை ஆய உட்கார்ந்தா. ரெண்டு கொத்து ஆய்ஞ்சவ மூக்கைப் பொத்திக்கிட்டு, "அத்தை, இந்தத் தழையை யாரு சோப்புப் போட்டுக் கழுவினது?"

"இப்பத்தான்டி செடியோட பிடுங்கிட்டு வந்தேன்!"

அவ்வளவுதான். மதினி அந்தக் கொத்தை வாங்கி மோந்தாங்க, நானும் மோந்தேன்... எங்களுக்கு வெறும் மல்லி வாசம்தான்.

நான் விசாரிச்சேன். சிலருக்குப் பிறவியிலேயே மூக்கு அப்படியாம். மல்லித்தழையில இருக்கிற ஒரு வாசம் சோப்புலயும் உண்டு. நமக்கு மணமா வர்றது அவங்களுக்குச் சோப்பா வருது. கொழுப்பும் இல்ல, செல்லமும் இல்ல.

அப்போ தர்ஷினி சொன்னது பொய்யா? இல்ல. பேச்சியம்மா சொன்னது பொய்யா? அதுவும் இல்ல. அப்போ அந்த இடத்துல பொய் சொன்னது யாரு?... இல்லாத சோப்பை மோந்தவங்க. அம்பாள் சந்நிதியில உட்கார்ந்து மோந்தவங்க.

தாய்மாரே, உங்க நாக்குக்குத் தெரியாதது இன்னொருத்தி நாக்குக்குத் தெரிஞ்சா நம்புங்க. ஆனா அதுக்குக் குற்றவாளியைத் தேடும்போது, ஏன் நம்ம கண்ணு எப்பவும் பாத்திரம் தேய்க்கிறவ மேலயே போய் நிக்குது?

இனிமே மல்லித்தழை தூவாம ஒரு சின்னப் பாத்திரம் தனியா எடுத்து வைக்க மதினி ஒத்துக்கிட்டாங்க. அது முடிஞ்சுது. மிச்சம் இருக்கிறது பேச்சியம்மா. ஆடிப்பூரத்துக்கு அண்டா தேய்க்க ஆள் இல்லைங்கிறதுக்காகச் சொல்லல... அதுவும் உண்டு. நாளைக்குக் காலையில அவ வீட்டு வாசல்ல போய் நின்னு, "தப்பு எங்க மேல"ன்னு சொல்லப் போறேன். என்கூட யார் யார் வர்றீங்க? இன்னைக்குத் தீபாராதனைக்குள்ள பதில் சொல்லுங்க.