பாட்டு நிற்கிற இடம்

ஷாரோன் மேடம், கல்யாண பேண்டுக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். ‘வாயேன்’ பாட்டையும் அப்படித்தான் கெடுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் சேனலில் அதன் கதையைச் சொல்லப்போவதாகவும், முதல் ஆடியோ தாண்டவராயனாகிய என் நம்பரிலிருந்து போனதைக் கண்டுபிடித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். நேரில் பேசினால் பேச்சு எங்கெங்கோ போகும். அதனால் எழுதி அனுப்புகிறேன்.

பாட்டைக் கட்டியவன் இனியவன், வடக்குப்பட்டுக்காரன். ஒரகடத்தில் கார் பாடி வெல்டிங் செய்யும் கம்பெனியில் என் லைனில் இருந்தான். நான் சூப்பர்வைசர். லைனில் கோளாறு என்றால் ஆபரேட்டர் ஒரு கயிற்றை இழுப்பான். ஸ்பீக்கரில் ஒரு மெட்டு ஓடும். சூப்பர்வைசர் வந்து பட்டனை அழுத்தும்வரை ஓயாது. அந்த மெட்டுக்குத்தான் அவன் வார்த்தை போட்டான்.

‘மெள்ளமா வர்ற ராசா, வாயேன்
மேனி நோவாத ராசா, வாயேன்
கூப்ட கொரலு கேக்கலியா
கொஞ்சம் எறங்கி வா—’

காதலி காதலனைக் கூப்பிடுகிறாள் என்று இளவட்டங்கள் நினைக்கிறார்கள். வல்லக்கோட்டைக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் முருகனைக் கூப்பிடுகிறார்கள். பாடிவிட்டுப் போகட்டும். அந்த ராசா நான்தான். எனக்கு முழங்கால் வலி, வேகமாக நடக்க வராது. அவன் பாடினால் லைனே சிரிக்கும். நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைப்பாக்கத்தில் என் வீட்டிலேயே என் மகள் தென்றல் அதைப் பாடினாள்.

“இன்னா பாட்டுமா அது?” என்றேன்.

“யாரோ சூப்பர்வைசராம்பா. வேலையே செய்யமாட்டானாம். காலேஜ் பஸ்ல எல்லாரும் பாடிக்கினு வர்றாங்க.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதை மறைக்க மாட்டேன். எச்.ஆரில் புகார் சொன்னால், “பாட்டுக்கெல்லாம் இன்னா சார் ஆக்‌ஷன் எடுக்கிறது? ரெக்கார்டு இருந்தா கொண்டாங்க,” என்று அங்கிருந்த அதிகாரியும் சிரித்தார்.

அதனால் ரெக்கார்டு எடுத்தேன். மதியம் எல்லோரும் கேன்டீனுக்குப் போனபோது இனியவனை மட்டும் நிறுத்தினேன்.

“ரோபோ கூண்டுல சென்சார் மேல தூசி கீது. தொடச்சிட்டுப் போய் சாப்புடு.”

“ராசா சொன்னா சரிதான் சார்.”

கயிற்றை இழுத்தான். மெட்டு ஓடியது. கூண்டுக்குள் போகிறவன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டை மாட்ட வேண்டும். அது தொங்குகிற வரைக்கும் ரோபோ அசையாது. சாவி அவனவன் பாக்கெட்டில் இருக்கும். அவசரத்துக்கு மாற்றுச் சாவி ஒன்று என்னிடம். இனியவன் விளையாட்டுப்பிள்ளைதான், ஆனால் வேலையில் பிசகமாட்டான். பூட்டை மாட்டினான், உள்ளே போனான், பாடினான். என் சட்டைப்பையில் போன் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் கூண்டுக்குள்ளேயே செத்துப்போனதற்கு நடந்த விசாரணையில், பூட்டு மாட்டாமல் உள்ளே போனான், அவன்மீதுதான் தப்பு என்று முடிந்தது. அவன் பூட்டு டூல் பெட்டியில் கிடைத்தது.

துக்க வீட்டில் அவன் கூட்டாளி கலைமணி, “அவன் கொரலு யார்கிட்டனா கீதாண்ணா?” என்று அழுதான். அப்படிக் கேட்கிறவனிடம் இல்லை என்று சொல்ல மனம் வருமா? போன வாரம் எடுத்தது என்று சொல்லி, கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினேன். அன்று ராத்திரிக்குள் அது சுங்குவார்சத்திரம்வரை போய்விட்டது.

இப்போது எல்லோரும் பாடுவது அந்த ரெக்கார்டைக் கேட்டுத்தான். ஆரம்பத்தில் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும். பேண்டுக்காரர்கள் அதைக் குச்சியால் தட்டுகிறார்கள். பிள்ளைகள் விரலைச் சொடுக்குகிறார்கள். முடிவில் ‘வா’ என்பதோடு பாட்டு பட்டென்று நிற்கும். ரீல்ஸில் அந்த இடத்தில் எல்லோரும் சிலைமாதிரி நின்றுவிடுகிறார்கள். பாட்டு ஓடுவதே அந்த நிறுத்தத்தால்தான்.

இனியவன் மனைவி சத்யப்பிரியா ஒருநாள் கம்பெனி கேட்டில் காத்திருந்தாள். “அவரு பூட்டு போடாம போவவே மாட்டாரு சார். எங்க வூட்லயே அவர கவனமில்லாதவருன்னு பேசுறாங்க. எம்புள்ளயும் நாளைக்கு அதத்தான கேக்கும்? நீங்க ஒருத்தராவது சொல்லுங்க சார்,” என்றாள். வெயிலில் நின்றிருந்தாள், பாவம். ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

நான் சும்மாதான் இருந்திருப்பேன். போன மாதம் ஜெபகுமார் என்கிற சர்ச் பாட்டுக்காரர், பாதியில் நிற்பது நன்றாக இல்லை என்று ‘வாயேன்’ என முடித்து, கூடவே ஒரு சரணமும் சேர்த்துப் பாடியிருக்கிறார். அதை லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இனியவன் அப்படிப் பாடவே இல்லை.

அவன் மூன்றாவது வரியில் இருக்கும்போது பூட்டைத் திறந்து எடுத்து, மெயின் சுவிட்சைப் போட்டேன். அந்தச் சத்தம் மெட்டுக்கு அடியில் போய்விட்டது. கூண்டுக் கதவைச் சாத்தினேன். பட்டனை அழுத்தி மெட்டை நிறுத்தினேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். ‘வா’ மட்டும் வெளியே வந்தது. ஸ்டார்ட்டை அழுத்தினேன். ரோபோ கை இறங்கி அவன் மார்பை இரும்புச் சட்டத்தோடு சேர்த்து நசுக்கியது. விலா முறிந்தது காதில் விழுந்தது. கதவுத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் அவன் இருந்தான். ரோபோ வரிசையாக வெல்டிங் புள்ளி வைத்துக்கொண்டே போனது. கொஞ்ச நேரம் கத்தினான். நடுவில் நிறுத்தினால் புரோகிராம் குழம்பிவிடும், அதனால் முடியும்வரை விட்டேன். பிறகு பூட்டைக் கொண்டுபோய் அவன் டூல் பெட்டியில் வைத்தேன்.

வெட்டாத ரெக்கார்டை இதோடு அனுப்பியிருக்கிறேன். சத்யப்பிரியா கேட்டால், முதலில் வரும் அந்த ‘டக்’ அவள் புருஷன் பூட்டு மாட்டிய சத்தம் என்று சொல்லிவிடுங்கள். ஜெபகுமாரிடம் அந்தச் சரணத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

பாட்டு இனியவனுடையது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரே ரசிக்கிற அந்த நிறுத்தத்தை அவன் போடவில்லை, நான் போட்டேன். வீடியோவில் பேர் போடும்போது இரண்டு பேரையும் போடுங்கள், மேடம்.