அழிக்காத போஸ்ட்

ஹுதைபா: டீ ஆறுது, ஷாமலா. கையெழுத்தப் போடுங்க, நாலரை பஸ்ஸுக்கு நான் அக்குறணை போகணும்.

ஷாமலா: நாலா மடிச்ச பேப்பர்ல யாராவது கையெழுத்து வைப்பாங்களா, ஹுதைபா நானா?

ஹுதைபா: கோடு போட்ட எடம் வெளிய தெரியுதுதானே.

ஷாமலா: உள்ள என்ன... மன்னிப்புக் கடிதமா?

ஹுதைபா: நம்ம ரேடியோ பொஸ் டைப் பண்ணினது. போட்டா சனிக்கிழமை ரக்பி ஃபைனலுக்கு மைக் உங்க கையில.

ஷாமலா: போடாட்டி?

ஹுதைபா: கொமெண்ட்ரிக்குப் பதிலா ரேடியோவுல பாட்டுப் போடுவாங்க.

ஷாமலா: ஏன், விளையாட்டுப் பகுதிக்குப் பெரியாளு நீங்க இருக்கீங்கதானே?

ஹுதைபா: ...மொதல்ல ரோல்ஸத் தின்னுங்க.

ஷாமலா: மூணு நாளா வேல இல்லாம வீட்ல கெடக்கேன். அம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துறாங்க. "மந்திரியோட உனக்கென்னடி வம்பு"ன்னு கேட்டுக்கிட்டே கொளுத்துறாங்க.

ஹுதைபா: நீங்க என்ன சென்னீங்க?

ஷாமலா: மேட்ச்சப் பத்தி போஸ்ட்ல எழுதினது உண்மைதானேன்னேன். "குடைக்குக் கீழ வந்த மந்திரிக்காக முப்பது பயலுக நாப்பது நிமிஷம் நனைஞ்சானுக. அடுத்த எலக்சன்ல இவரையும் கொஞ்சம் நனைய விடுவோம்." அடடா! எவ்வளவு அழகா இருக்கு!

ஹுதைபா: மெதுவா! பின்னுக்கு பொஸ்ஸோட மச்சான்.

ஷாமலா: எங்க?

ஹுதைபா: இல்ல... அவர மாதிரி ஒரு ஆள். அத ஏன் இன்னும் அழிக்கல? பொஸ் மூணு தரம் செல்லியாச்சு.

ஷாமலா: டேட்டா முடிஞ்சிருச்சு.

ஹுதைபா: நேத்து மீன் கறி படம் போட்டீங்களே?

ஷாமலா: அது... அம்மாவோட டேட்டா.

ஹுதைபா: செரி, பொஸ் கேட்டதும் "நான்தான்"னு ஏன் ஒத்துக்கிட்டீங்க?

ஷாமலா: என் போன், என் பக்கம். வேற யாரக் காட்டுறது?

ஹுதைபா: டீயக் குடிங்க, ஆறியே போச்சு.

ஷாமலா: "பொம்பளைக்கு ரக்பி கொமெண்ட்ரியா"ன்னு ஸ்டேஷனே சிரிச்சப்ப, மைக்க என் கையில குடுத்த அண்ணன் நீங்கதானே, நானா?

ஹுதைபா: அது பழைய கத.

ஷாமலா: எனக்குப் பழசில்ல. அந்த மைக் போயிருச்சுன்னா நான் அழுதே செத்துருவேன். குடுங்க பேனாவ... இந்தாங்க, போட்டாச்சு! மன்னிப்பாவது மண்ணாங்கட்டியாவது.

ஹுதைபா: இப்ப விரிச்சுப் படிங்க.

ஷாமலா: "விளையாட்டுப் பகுதியின்... தற்காலிகப் பொறுப்பாளராக... ஷாமலா..." என்ன நானா இது? மன்னிப்பு எங்க?

ஹுதைபா: அத நான் காலையிலேயே எழுதிக் குடுத்துட்டேன். என்னை ஆறு மாசம் வேலையிலருந்து நிப்பாட்டியாச்சு.

ஷாமலா: ஐயோ, உங்களையா!

ஹுதைபா: மேட்ச் அன்னைக்கு போஸ்ட் போனது மூணு நாப்பத்திரெண்டுக்கு. அந்த நேரம் புள்ளி விழுந்து நீங்க மைக்கில "ட்ரை! ட்ரை!"ன்னு கத்துறது ரெக்கோடிங்ல ஈக்குது. பொஸ்ஸுக்கு அதப் போட்டுக் காட்டினேன்.

ஷாமலா: நானா...

ஹுதைபா: என் போன்ல சார்ஜ் இல்லன்னு உங்க போன வாங்கினேனே. அதுல என் பக்கத்தத் தொறந்து எழுதுறதா நெனச்சு, உங்க பக்கத்துல தட்டிட்டேன். மூணு நாளா வெக்கத்துல வாய் வரல, புள்ள. இந்தப் பேப்பர விரிச்சுக் காட்டினா, என் எடத்துக்கு வர நீங்க கையெழுத்துப் போட மாட்டீங்க. அதான் மடிச்சேன்... இப்பவாவது அந்தச் சனியன அழிங்க.

ஷாமலா: போனத் திருப்பித் தந்தீங்களே, அப்பவே படிச்சிட்டேன், நானா. உங்க எழுத்தாச்சே... அதான் அழிக்க மனசு வரல.