எழுந்து நின்ற அடிமரம்

ராய்ஸ் டட்டன் என்பவரின் இறப்பு தொடர்பாக, 1976 நவம்பர் 12 அன்று பிற்பகலில் பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் மேவிஸ் டட்டன். வயது பதினாறு. தகப்பனார் ஆல்டன் டட்டன். வெர்மான்ட் மாநிலம், கில்சன் மேட்டில் குடியிருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டு வேலையும், பனி இளகும் மாதத்தில் மேப்பிள் சாறு காய்ச்சும் வேலையும் செய்கிறேன். இறந்தவர் என் சித்தப்பா.

நான் முதலில் கவனித்தது குழியிலிருந்து எழுந்த ஆவியை. புயலில் சாய்ந்த மேப்பிளின் வேர், மண்ணோடு பெயர்ந்து ஆளுயரத்துக்கு மேல் சுவர்போல நின்றது. அதன் பின்னால் குழி. குளிரில் புதுமண் ஆவி விடுவது வழக்கம். ஆனால் இது விட்டுவிட்டு வந்தது.

அதற்கு முன் நடந்ததாவது: இன்று காலை எட்டு மணிக்கு அந்த மரத்தை விறகாக்க மூவரும் போனோம். அப்பா மெஷின் ரம்பத்தால் நுனியிலிருந்து அறுத்து வர, சித்தப்பா கோடரியால் பிளக்க, நான் அடுக்கினேன். மெஷின் அடிக்கடி நின்றது.

"அண்ணே, இது உன்னை மாதிரியே இருமுது. தோப்பை வித்துத் தொலைச்சா ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்றார் சித்தப்பா.

"நீ வாயாலயே அறுத்துடேன், பெட்ரோல் மிச்சம்" என்றார் அப்பா.

சித்தப்பா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. இருவருக்கும் பொதுவான மேப்பிள் தோப்பை விற்கும் பேச்சு ஒரு மாதமாகவே நடந்து வந்தது.

அதன் பிறகு அப்பா ரம்பத்தைத் தீட்ட வண்டிக்குப் போனார். அப்போது சித்தப்பா வேருக்குப் பின்னால் போனார். ஒதுங்கப் போகிறார் என்று நினைத்து வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்படிப்பட்ட குழிகளில் இறங்கி, மண்ணில் புதைந்த பழைய மருந்துச் சீசாக்கள் தேடுவது அவர் பழக்கம் என்பது அந்நேரம் நினைவுக்கு வரவில்லை. அவர் திரும்பியதை நான் பார்க்கவில்லை.

சாய்ந்த மரத்தை வேருக்குப் பக்கத்தில் அறுத்தால், பாரம் விட்டதும் வேர் தன் குழிக்கே திரும்பி அமர்ந்துவிடும். அதனால் எங்கள் பக்கத்தில் கடைசி வெட்டுக்கு முன் அங்குள்ள எல்லோர் பெயரையும் கூப்பிட்டு, பதில் வந்த பிறகே அறுப்பார்கள்.

அப்பா வந்து, "மேவிஸ்!" என்றார்.

"இருக்கேம்ப்பா."

வேறு பெயர் கூப்பிடவில்லை. ஆவியைப் பற்றிச் சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் மெஷின் ஓடத் தொடங்கியது.

அப்பா ஆவியைப் பார்த்தாரா என்று இதைப் பதிவு செய்யும் அதிகாரி கேட்டார். அப்பாவின் முகம் அந்தப் பக்கம்தான் இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியில் மரத்தூள் படிந்திருந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

அறுத்து முடித்ததும் அடிமரம், படுத்திருந்தவர் எழுவதுபோல மெதுவாக எழுந்து நேராக நின்றது. குழி இருந்த இடம் தெரியவில்லை. என்றுமே சாயாத மரத்தை நாங்கள் வெட்டியதுபோல இருந்தது. ஆவி வரவில்லை.

"சித்தப்பா எங்கேப்பா?" என்று கேட்டேன்.

"கோவிச்சிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். அடுத்த கட்டையை வைம்மா."

சித்தப்பாவின் கோட்டு கிளையில் தொங்கியது. அப்பா அதைப் பார்க்காமல் கோடரியை எடுத்துப் பிளந்தார். நான் கட்டைகளை நிறுத்தி வைத்தேன். மூன்று வைத்தேன். அதன் பிறகு நான்காவதைக் கீழே போட்டுவிட்டு, சரிவில் இறங்கிச் சாலைக்கு ஓடி, வந்துகொண்டிருந்த பால் லாரியின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றேன்.

இதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் கண்டதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) மேவிஸ் டட்டன்