தகரக் கொட்டகைக் கதவில் சுண்ணாம்புப் பொட்டு

என் பெயர் லிசி, வயது 39, கணவர் பெயர் ஆசீர். பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வசிக்கிறேன். விலங்கியலில் முதுகலை படித்தவள். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டிவரும் தாழைவனம் பில்டர்ஸ் நிறுவனத்தில் சுற்றுச்சூழல் அலுவலராக வேலை பார்க்கிறேன். அந்த நிறுவனத்தின் புராஜெக்ட் மேனேஜர் சிவசங்கர், வேலையை நிறுத்தும் நோக்கத்தோடு நான் கண்ட இடத்திலெல்லாம் சிவப்பு ரிப்பன் கட்டுவதாக இன்று காலை என்மேல் புகார் கொடுத்திருக்கிறார். விசாரணைக்குக் கூப்பிட்டதன் பேரில் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். கூப்பிடாவிட்டாலும் இன்றைக்கு நானே வந்திருப்பேன். சைட்டில் தகரக் கொட்டகையில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் தொழிலாளர்களை முதலில் வெளியேற்றுங்கள், வாக்குமூலம் பிறகு எழுதலாம் என்று வந்ததுமே சொன்னேன். வரிசையாகச் சொன்னால்தான் எழுத முடியும் என்று ஸ்டேஷன் ரைட்டர் சொன்னதால் வரிசையாகச் சொல்கிறேன்.

சைட்டில் எந்த மரத்தை வெட்டுவதானாலும் முன்னதாக நான் போய்ப் பார்க்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. கூட்டிலோ பொந்திலோ உயிர் இருந்தால் சிவப்பு ரிப்பன் கட்டுவேன். ரிப்பன் கட்டிய எதையும் மெஷின் தொடக்கூடாது. குஞ்சுகள் பறந்து, கூடு காலியான பிறகு நானே ரிப்பனை அவிழ்த்துவிட்டு அதே இடத்தில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைப்பேன். பொட்டு வைத்தால் உள்ளே உயிர் இல்லை, வேலையை ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று நான்தான் இந்த முறையைக் கொண்டுவந்தேன். நிறுவனத்தின் விளம்பரப் புத்தகத்தில் என்னையும் ரிப்பனையும் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

சைட்டின் வடக்கு மூலையில் ஒரு பழைய கிணறும், அதன்மேல் சாய்ந்தாற்போல் ஈச்சமரங்களும் இருந்தன. அவற்றில் தூக்கணாங்குருவிக் கூடுகள் நிறையத் தொங்கின. குஞ்சுகள் இருந்ததால் எல்லா மரத்துக்கும் ரிப்பன் கட்டியிருந்தேன். அதன் பிறகு மாதா திருவிழாவுக்காகக் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போய்விட்டேன். திரும்பி வந்தபோது மரமும் இல்லை, கிணறும் இல்லை. என்ன இது என்று கேட்டதற்குச் சிவசங்கர், “பொட்டு வச்சிட்டுத்தாங்க வெட்டினோம், ரூல் பிரகாரம்தான்” என்றார். யார் வைத்த பொட்டு என்று கேட்டேன். “யாரு வச்சா என்னங்க, சுண்ணாம்பு வெள்ளையாத்தானே இருக்கும்?” என்றார். அதன் பிறகு நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டியதை அப்படியே எழுத வேண்டாம் என்று ரைட்டரிடம் சொன்னேன்.

மரங்களைக் கூடுகளோடு கிணற்றுக்குள் தள்ளி மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். நான் அந்த மண்மேல் ஏறி நின்றபோது காலுக்கு அடியில் குஞ்சுகள் கத்துவது கேட்டது. மூடி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆகவே கேட்க வழியில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டது. பக்கத்தில் நின்ற கலவை லாரி டிரைவர் சவரிநாதனுக்கும் அது கேட்டது. அவர் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்து போய்விட்டார். அதன் பிறகு அந்த இடத்தைச் சமன்செய்து, அதன்மேல்தான் தொழிலாளர்களுக்குத் தகரக் கொட்டகை போட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் கட்டாத ரிப்பன்கள் வர ஆரம்பித்தன. முதலில் அடுக்கி வைத்திருந்த சிமெண்ட் குழாய்களில் ஒன்றில் ரிப்பன் கட்டியிருந்தது. ரிப்பன் சுருள் எப்போதும் என் பையில்தான் இருக்கும், வேறு யாரிடமும் கிடையாது. குழாய்க்குள் குனிந்து பார்த்தேன், கீரி குட்டி போட்டிருந்தது. நான்தான் கட்டினேன் என்று நினைத்துச் சிவசங்கர் அதைப் போட்டோ எடுத்து ஹெட் ஆபீசுக்கு அனுப்பி நல்ல பெயர் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு நாள் மதியம் சவரிநாதன் கலவை லாரியை ஸ்டார்ட் செய்யப் போனவர், டிரம்மின் வாயில் ரிப்பன் தொங்குவதைப் பார்த்து, “மேடம், லாரிக்கு எதுக்குங்க ரிப்பன்? இதுல என்ன கொக்கா முட்டை போட்டிருக்கு?” என்று என்னைக் கிண்டல் செய்தார். ரிப்பன் இருந்தால் உள்ளே உயிர் இருக்கும். ஓடிப்போய் டிரம்மைத் தட்டினேன். உள்ளே இறுகிய கான்கிரீட்டை உளியால் கொத்தி எடுக்க இறங்கியிருந்த ஹெல்பர் உஸாமா, அசதியில் அங்கேயே தூங்கிப்போயிருந்தார். சவரிநாதன் சாவியைத் திருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உஸாமா வெளியே வந்து என் பையைப் பார்த்து, “நீங்க கட்டினதாக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

மறுநாள் காலையில் தகரக் கொட்டகையின் கதவில் ரிப்பன் இருந்தது. குழந்தைகள் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உஸாமா சிரித்தபடி, “எங்களயும் உயிருன்னு யாரோ கணக்குல சேர்த்துட்டாங்கக்கா” என்றார். எறும்புப் புற்றுக்குக்கூட ரிப்பன் கட்டியவள் நான். இந்தக் கதவுக்குக் கட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சிவசங்கருக்கு இந்த ரிப்பன்தான் பிடிக்கவில்லை. பிளாட் பார்க்க வருகிறவர்கள் என்ன ஏது என்று கேட்பார்கள் என்று சொல்லிக் கத்தரித்துப் போட்டார். மறுநாள் அது திரும்ப வந்தது. அவர் கத்தரிப்பதும் அது வருவதுமாகவே இருந்தது. அதன் பிறகு கதவுக்கு எதிரே கேமரா வைத்தார். கேமராவில் ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை, ரிப்பன் மட்டும் வந்தது.

போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. மழையில் வாட்ச்மேன் வளர்த்த நாயின் கூண்டில் ஒரு வெள்ளைப் பொட்டு இருப்பதைப் பார்த்தேன். நாய் உள்ளே படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. இது என்ன தப்பான பொட்டு என்று நினைத்து விரலால் தேய்த்து முகர்ந்தேன். சுண்ணாம்பு இல்லை, பறவை எச்சம். ஆனால் காசு வைத்து வரைந்தது மாதிரி வட்டமாக இருந்தது. மறுநாள் அந்த நாய் கூண்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது.

இன்று காலை சைட்டுக்குப் போனபோது தகரக் கொட்டகையின் கதவில் ரிப்பன் இல்லை. யாரும் கத்தரிக்கவில்லை என்று உஸாமா சத்தியம் செய்தார். ரிப்பன் இருந்த இடத்தில் பொட்டு இருந்தது. உள்ளே ஒரு பெண் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அடுப்பு ஒரு பக்கமாகச் சரிகிறது என்று சொல்லி அதற்குக் கீழே செங்கல் வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் நேராகச் சிவசங்கரிடம் போய், கிணற்றை மூடிய மண் மழையில் இறங்குகிறது, எல்லோரையும் உடனே வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று சொன்னேன். பொட்டைப் பற்றியும் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “உங்களுக்கு ரெஸ்ட் வேணும்ங்க” என்றார். அதன் பிறகுதான் இந்தப் புகாரைக் கொடுத்தார்.

என் பையிலிருந்த ரிப்பன் சுருளையும், சிவசங்கர் கத்தரித்துப் புகாரோடு கொடுத்திருந்த ரிப்பன்களையும் ஆய்வாளர் மேஜைமேல் வைத்து, வழக்கமாகப் போடும் முடிச்சைப் போட்டுக் காட்டச் சொன்னார். நாற்காலிக் கையில் போட்டுக் காட்டினேன். மற்ற ரிப்பன்களில் இருந்தது முடிச்சே இல்லை. நுனி ரிப்பனுக்குள்ளேயே நுழைந்து, வெளியே வந்து, திரும்ப நுழைந்து, ஊசியில்லாமல் தைத்தது மாதிரி இருந்தது. விரலால் அப்படிச் செய்ய முடியாது. தூக்கணாங்குருவி நாரைக் கோக்கிற விதம் அது. ஆய்வாளர் அவற்றை எடுத்து உறையில் போட்டார். யார் கட்டியது என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன்.

பொட்டு வைத்தால் சாவு என்று நான் சொல்லவில்லை. குஞ்சு பறந்து போனாலும் அதே பொட்டுதான், செத்துப் போனாலும் அதே பொட்டுதான். உள்ளே உயிர் இல்லை என்பது மட்டும்தான் அது சொல்கிறது. கொட்டகையில் இருப்பவர்கள் நடந்து வெளியே வந்துவிட்டால் பொட்டும் பொய்யாகாது, ஆட்களும் பிழைப்பார்கள். அதனால், கொட்டகை காலியாகிவிட்டது என்று என் காதால் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டேன், வேண்டுமானால் என்னை உள்ளே தள்ளுங்கள் என்று சொன்னேன். அதன் பிறகு ஆய்வாளர் தன் போனிலிருந்தே உஸாமாவைக் கூப்பிட்டு, இது போலீஸ் உத்தரவு, எல்லோரும் இப்போதே வெளியே வர வேண்டும் என்று சொன்னார்.

சற்று நேரத்தில் உஸாமா திருப்பிக் கூப்பிட்டார். எனக்கும் கேட்கும்படி ஆய்வாளர் ஸ்பீக்கரைப் போட்டார். “எல்லாரும் வந்துட்டோம்க்கா. பிள்ளைங்க, சாமான் எல்லாம் வெளியிலதான் இருக்கு” என்றார். அப்பாடா மாதாவே என்று நான் சாய்ந்து உட்கார்ந்தேன். ரைட்டரிடம் பேனாவைக்கூட வாங்கிவிட்டேன். அப்போது உஸாமா, “மேனேஜர் சார்தான் உள்ள இருக்காரு” என்றார். ஏன் என்று கேட்டேன். “ஒரு பொட்டுக்குப் பயந்து ஓடுறீங்களாடான்னு எங்களத் திட்டிட்டு, நான் உட்கார்ந்து காட்டுறேன் பாருங்கன்னு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாருக்கா. கூப்பிட்டா வரமாட்டேங்குறாரு.” அவர் பேசும்போது பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்றேன். “தெரியலக்கா. குருவிக் குஞ்சு கத்துற மாதிரி இருக்கு” என்றார்.

சிவசங்கர் என் போனை எடுக்கவில்லை, ஆய்வாளரின் போனையும் எடுக்கவில்லை. என்மேல் புகார் கொடுத்தவர் அவர்தான். அவரை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் இந்த நிமிஷம் இருக்கிற ஒரே உயிர் அவர். மேஜைமேல் இருக்கும் என் சுருளிலிருந்து ஒரு முழம் வெட்டிக்கொடுத்து, என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு உடனே புறப்படுங்கள். அவரை வெளியே இழுப்பதை நீங்கள் பாருங்கள், கதவில் ரிப்பனை நான் கட்டுகிறேன். அவர் கொடுத்த புகார் அப்படியாவது உண்மையாகட்டும்.

எழுதியதை வாசித்துக் காட்ட ரைட்டர் ஆரம்பித்தார், அதற்கு நேரமில்லை என்று நான்தான் வேண்டாம் என்றேன். நான் சொன்னதில் பொய் கலக்கவில்லை, சுயநினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் சொன்னேன் என்று, கொட்டகை முழுதாகக் காலியாகாவிட்டாலும் ஜீப் உடனே கிளம்ப வேண்டும் என்பதற்காக, நின்றுகொண்டே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ஆ. லிசி