கடைசித் துண்டை எடுக்காத ஊர்

மடக்கு நாற்காலியையும் அரியணையாக்கி அமர்ந்திருக்கும் தலைவர், தீயணைப்புப் படையின் ஹார்லன் ப்ரெக்கே அவர்களே! சொர்க்கத்துக்கு வழிகாட்டினாலும் சாலையில் எவருக்கும் வழிவிடாத போதகர் மில்டன் ஓஸ் அவர்களே! கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடும் தேர்தல் எழுத்தர் வெர்னா ஸ்டென்ஸ்ருட் அவர்களே! முப்பத்தோரு ஆண்டுகளாக என்னோடு ஒரு வார்த்தை பேசாமல், தேவாலயத்தில் என் பக்கத்திலேயே நின்று பாமாலை பாடிவரும் போர்கில்ட் ஹௌகன் அவர்களே! அவர் பெற்ற வழக்கறிஞர் மகளே, வேட்பாளர் சோல்வெய்க்கே! சூப்புப் பானைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என் வீட்டுக்காரர் ஓர்வில் அவர்களே! தாய்மார்களே, பெரியோர்களே, நூர்டால் மக்களே, வணக்கம்!

ஆறு பேரைப் பேர் சொல்லி அழைத்தேனே, ஏன்? நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் வெள்ளிக்கிழமை மத்தியானம், இதே தீயணைப்பு நிலையத்தில், இந்த ஆறு பேரும் என்னோடு இருந்தீர்கள். என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. என் ஞாபகம் எங்கேயும் நிற்கவில்லை! அன்று ஹார்லன் போட்டிருந்தது பச்சைச் சட்டை. மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை.

என்ன தலைவரே, "அதையுமா?" என்கிறீர்கள்? அதையும்தான்! உட்காருங்கள்.

அன்று நாம் எதற்காகக் கூடினோம்? தண்ணீருக்காக! உர ஆலைக் கழிவு நம் கிணறுகளில் இறங்கி, குடிக்காதே என்று பலகை மாட்டிய வருடம் அது. ஆலையை நீதிமன்றத்துக்கு இழுக்க வல்லவர் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஒருவர்தான். அந்தப் பதவிக்கு நம் சோல்வெய்க் நின்றாள். "மொத வாரமே வழக்குப் போடுவேன்" என்றாள். எதிரே நின்ற நகரத்துக் கனவானுக்குப் பல் மட்டும் அழகு. பாவம், நூர்டால் வரைபடத்தின் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது.

மாநிலம் முழுக்க எண்ணினார்கள். மறுபடியும் எண்ணினார்கள். அந்த வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. சோல்வெய்க் தோற்றாள். எத்தனை ஓட்டில்? அறுபத்தொன்று! மினசோட்டா முழுவதிலும் வெறும் அறுபத்தொன்று!

அப்போது வெர்னா நம் ஊர்க் கணக்குத் தாளை எடுத்தார். நூற்று நாற்பத்தெட்டுப் பேர் வாக்களித்த ஊரில் சோல்வெய்க்குக்குப் பதினொன்று. கனவானுக்கு முப்பது.

"மீதி எங்கே போச்சு?" என்றார் போதகர்.

"நூத்தியேழு பேரு ஓட்டுச்சீட்டுல அந்த எடத்த வெறுமனே விட்டுட்டாங்க" என்றார் வெர்னா.

தலைவர்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார். "நானும் விட்டேன். நம்ம ஊர்ப் பொண்ணுக்கு நாமளே போட்டா பீத்திக்கிற மாதிரி இருக்காதா? மத்தவங்க போடுவாங்கன்னு நெனச்சேன்."

"நான் அந்த மத்தவங்கள்ல நீங்களும் ஒருத்தர்னு நெனச்சேன்" என்றார் போதகர்.

"பெத்தவளே போட்டா ஊரு என்ன பேசும்?" என்றார் போர்கில்ட், என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து.

கடைசியில் சோல்வெய்க், காது சிவக்க: "நானும் எனக்குப் போட்டுக்கல, ஆர்டிஸ் பெரியம்மா. கூச்சமா இருந்துச்சு."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! அன்று மேசைமேல் ஒரு தட்டில் எலுமிச்சைக் கேக் இருந்தது. கடைசித் துண்டு. அதை எடுப்பது நம் ஊரில் பெருங்குற்றம் அல்லவா? ஒருவர் பாதியை வெட்டினார். அடுத்தவர் பாதியில் பாதியை வெட்டினார். மாலைக்குள் அது என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்து, காய்ந்து, குப்பைக்குப் போனது. நம் ஓட்டும் அப்படித்தானே போனது? கூச்சம் குடிக்கத் தண்ணீர் தந்ததா? பணிவு பானையை நிரப்பியதா? பதினெட்டு மைல் போய்க் கேனில் பிடித்துவந்த தண்ணீரில்தானே நான்கு ஆண்டுகளாகக் காப்பி போடுகிறோம்! அதைக் காப்பி என்று சொல்ல வாய் கூசவில்லையா?

வருகிற செவ்வாய்க்கிழமை சோல்வெய்க் மறுபடி நிற்கிறாள். எடுங்கள் அந்தக் கடைசித் துண்டை! வெட்டாமல் எடுங்கள், முழுதாக எடுங்கள், எல்லோரும் பார்க்க எடுங்கள்! சோல்வெய்க், நீயும்தான். உன் பேனாவை நானே பிடித்து...

என்ன? பானைக்குப் பின்னாலிருந்து யார் குரல்?

"அன்னிக்கு நீ யாருக்குப் போட்டே, ஆர்டிஸ்?"

ஓர்வில்! ஐம்பத்திரண்டு வருடம் வாயைத் திறக்காத மனிதருக்கு இன்றுதான் வாய் வந்ததா? வீட்டுக்கு வாருங்கள்.

சரி. கேட்டுவிட்டார், சொல்லிவிடுகிறேன். கனவானுக்கு விழுந்த முப்பதில் இருபத்தொன்பது அவர் கட்சிக்காரர்களுடையது. அது அவர்கள் உரிமை. அவர்களும் கேன் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். முப்பதாவது?

முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன், தேவாலய விருந்தில், நான் சுட்ட உருளைக்கிழங்கு ரொட்டியைத் தூக்கிப் பிடித்து போர்கில்ட் சொன்னார்: "நல்லா இருக்கு ஆர்டிஸ். கூரை ஒழுகுனா இதையே போடலாம்." மொத்த ஊரும் சிரித்தது. அம்மா சொன்ன அந்தச் சொல்லுக்கு, இருபத்தேழு வருடம் காத்திருந்து, மகளின் ஓட்டில் பழி தீர்த்தேன். தீர்த்துவிட்டு, அந்த வெள்ளிக்கிழமை உங்கள் ஆறு பேரையும் விடச் சத்தமாக உச்சுக்கொட்டினேன்!

போர்கில்ட், எழுந்திருக்க வேண்டாம். ரொட்டி தடிமன்தான். உன்னை மன்னித்துவிட்டேன். பொத்தானில்லாத ஹார்லனை மன்னித்தேன், போதகரை மன்னித்தேன், கூச்சப்பட்ட நூற்றேழு பேரையும் மன்னித்தேன். கூச்சம் யாரையும் கெடுக்க நினைத்ததில்லை. ஊர்க் கிணற்றைவிடத் தன் ரொட்டியைப் பெரிதாக நினைத்தது ஒரே ஓர் ஆள்தான்.

பொறுமையாய்க் கேட்ட காதுகளுக்கு நன்றி. சூப்பு ஆறுவதற்குள் விடைபெறுகிறேன், வணக்கம். செவ்வாய்க்கிழமை கிணற்றுப் பலகை இறங்க வழி பிறந்தாலும் நான் மன்னிக்கப்போகாத அந்த ஒருத்தியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஆர்டிஸ் தொல்லெஃப்சன்.