பெயர் மறைக்கப்படாத மனு

மதுரை நீதித்துறை நடுவர் முன்பு 9.7.2024 அன்று காலை 11.20 மணிக்குச் சாட்சி தாமாக முன்வந்து அளித்த வாக்குமூலம்.

என் பெயர் சத்யப்ரியா. வயது 33. கணவர் பெயர் அருள்பாண்டி. நாகமலை புதுக்கோட்டையில் குடியிருந்து வருகிறேன். அரசு ஊழியர்கள் மீது வரும் முறைகேட்டுப் புகார்களைத் தனித்து விசாரிக்கும் மாநில நேர்மை ஆணையத்தின் மதுரை மண்டல அலுவலகத்தில் ஆறு வருடங்களாக இளநிலை உதவியாளராக வேலை பார்த்து வந்தேன். தற்போது தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறேன்.

12.2.2024 திங்கட்கிழமை காலை கப்பலூருக்குத் தெற்கே உள்ள கீழமந்தைக்குளம் ஊராட்சியில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராக இருந்த கண்ணுச்சாமி என்பவர், வயது 54, அலுவலகத்துக்கு நேரில் வந்து மனு கொடுத்தார். ஊரில் கட்டி இரண்டு வருடம்கூட ஆகாத மேல்நிலைத் தொட்டியின் தூண்கள் வெடித்திருப்பதாகவும், ஒன்றிய உதவிப் பொறியாளர் சூரியபிரகாஷ் வேலையைப் பார்வையிடாமலே தரச் சான்று கொடுத்துவிட்டதாகவும், கட்டியவர் ஒப்பந்தக்காரர் முத்திருளன் என்றும் அதில் எழுதியிருந்தார். மஞ்சள் பையிலிருந்து தூணில் பெயர்ந்த காரைத் துண்டு ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்து, இரண்டு விரலால் நுணுக்கிக் காட்டினார். "பாருங்க மேடம். இது மேலதான் அம்புட்டுத் தண்ணியும் நிக்கிது. கீழ பால்வாடி இருக்கு" என்றார். பிறகு தன் பெயர் வெளியே போகுமா என்று கேட்டார். "போகாதுண்ணே, நாங்க மறைச்சிருவோம்" என்று நான் சொன்னேன். அவர் போகும்போது மேசையில் கொட்டிய தூளைத் தோள் துண்டால் துடைத்துவிட்டுப் போனார்.

எங்கள் ஆணையத்தில் நேரில் போய்ப் பார்ப்பதற்கென்று ஒரு பொறியாளர் பணியிடம் உண்டு. அது இரண்டு வருடமாகக் காலியாக இருந்தது. ஆகவே, வேறு மாவட்டப் பொறியாளரை வைத்துத் தொட்டியைச் சோதிக்கலாம் என்று நான் குறிப்பு எழுதி வைத்தேன். பிரிவுக் கண்காணிப்பாளர் அழகுராஜா அதை அடித்துவிட்டு, "நமக்கு ஆள் ஏதும்மா? அந்த ஒன்றியத்துலயே அறிக்கை கேளுங்க, எல்லாத்துக்கும் அப்படித்தான செய்றோம்" என்றார். எல்லாவற்றுக்கும் அப்படித்தான் செய்து வந்தோம் என்பது உண்மை.

அதன் பிறகு 29.2.2024 அன்று மாதக் கடைசி என்பதால் நிலுவையில் இருந்த நாற்பத்தேழு மனுக்களையும் அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. ரகசியம் கேட்கும் மனுதாரரின் பெயர், முகவரி, கையெழுத்து ஆகியவற்றை மறைத்து நகல் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது விதி. கண்ணுச்சாமியின் மனுவை நான் மறைக்காமல் நகல் எடுத்து, ஒன்றிய அலுவலகத்துக்கான உறையில் போட்டு ஒட்டினேன்; அதே நகல் ஒன்றை அலுவலகப் பிரதியாகக் கோப்பில் வைத்தேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எனக்கு யாரும் எதுவும் கொடுக்கவும் இல்லை. ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் செய்தேன்.

11.3.2024 அன்று பகல் 12 மணி அளவில் கண்ணுச்சாமி அலுவலகத் தொலைபேசிக்குப் பேசினார். முத்திருளனின் ஆட்கள் இரண்டு பேர் காலையில் மோட்டார் அறைக்கு வந்து அவருடைய மனுவையே அவரிடம் காட்டியதாகச் சொன்னார். "என் கையெழுத்து, என் போன் நம்பரு, எல்லாம் அப்படியே இருக்கு மேடம். போகாதுன்னு நீங்கதான சொன்னீக?" என்றார். மேலதிகாரியிடம் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அதன்படி அழகுராஜாவிடம் சொன்னபோது, "பயமா இருந்தா போலீஸ்ல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். அதை அப்படியே கண்ணுச்சாமியிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் இரண்டு முறை கூப்பிட்டதாகத் தெரிகிறது. மணி அடித்ததை நான் கேட்டேன். எடுக்கவில்லை.

28.3.2024 அன்று உதவிப் பொறியாளர் சூரியபிரகாஷின் அறிக்கை வந்தது. தொட்டி நல்ல நிலையில் இருப்பதாகவும், மனுதாரர் சொந்தப் பகையால் புகார் எழுதியிருப்பதாகவும் அதில் இருந்தது. புகாருக்கு உள்ளானவரே எழுதிய அந்த அறிக்கையின் பேரில் புகாரில் உண்மை இல்லை என்று 4.4.2024 அன்று ஆணை தயாரானது. அதைத் தட்டச்சு செய்தவள் நான். அன்றே பதிவுத் தபாலில் மனுதாரருக்கு அனுப்பினேன்.

15.4.2024 அன்று அந்தத் தபால் திரும்பி வந்தது. உறையின் மேல் சிவப்பு மையில் "முகவரியாளர் இறந்துவிட்டார்" என்று தபால்காரர் எழுதியிருந்தார். உறை கிழிபடாமல் இருந்தது. பிறகு விசாரித்ததில், 6.4.2024 அன்று காலை ஐந்தரை மணிக்குத் தண்ணீர் திறந்துவிட மொபெட்டில் போனபோது மண் ஏற்றிய டிப்பர் லாரி மோதி அவர் இறந்ததும், அது சாலை விபத்தாகப் பதிவாகியிருப்பதும் தெரிந்தது. அந்த உறையை நான் கோப்பில் சேர்த்து, பக்க எண் போட்டேன்.

22.4.2024 அன்று அவருடைய மனைவி செல்லக்கிளி அலுவலகத்துக்கு வந்து, ஒன்றியத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நகலைக் கேட்டார். "எங்க வீட்டுக்காரர் பேரு எப்படிங்கய்யா அவிங்க கைக்குப் போச்சு?" என்று கேட்டார். அழகுராஜா அவரிடம், இது ரகசியக் கோப்பு, வெளியாட்களுக்குக் காட்ட முடியாது என்று சொன்னார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

அதன் பிறகு செல்லக்கிளி, கணவரின் சாவை மறுபடி விசாரிக்கக் கேட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார். அதன் பேரில் 18.6.2024 அன்று போலீசார் எங்கள் கோப்பைக் கேட்டு எழுதினார்கள். அன்று மாலை அழகுராஜா என்னைக் கூப்பிட்டு, "பேரை மறைச்ச நகல் ஒண்ணு தயார் பண்ணி அலுவலகப் பிரதியில சேர்த்துருங்க. உங்களுக்கும் பிள்ள குட்டி இருக்கு, எனக்கும் இருக்கு" என்றார். மனுவில் பெயரும் கையெழுத்தும் இருந்த இடங்களில் வெள்ளைத் தாளை ஒட்டி நகல் எடுத்தேன். உண்மையான பிரதியை எடுத்துவிட்டு அதைச் சேர்த்தேன். பழைய பிரதியைக் கிழிக்கச் சொன்னார். கிழிக்காமல் வீட்டுக்குக் கொண்டு போனேன். அதை இன்று ஒப்படைத்திருக்கிறேன்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் முதலில், வேலை போய்விடும் என்றார். பிறகு, போலீசில் சொல்ல எப்போது போகப்போகிறாய் என்று கேட்டார்.

25.6.2024 அன்று விடுப்பு எடுத்துக் கீழமந்தைக்குளம் போய்ச் செல்லக்கிளியைப் பார்த்தேன். பெயரை மறைக்காமல் அனுப்பியது நான்தான் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திரும்பி வந்த தபாலில் என்ன இருந்தது என்று கேட்டார். சொன்னேன்.

"உண்மை இல்லைன்னு எழுதுனீகளே, யாரு வந்து பாத்தீக?"

"யாரும் வரலக்கா."

"ஒருத்தருமா?"

"ஒருத்தரும் வரல."

அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். தொட்டி பத்து வீடு தள்ளி இருந்தது. தூண்களுக்குப் புதிதாக நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்டுக்கு மேலேயே வெடிப்பு ஓடியிருந்தது, என் விரல் நகம் உள்ளே போனது. கீழே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இதச் சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்? இதுக்குத்தான் அந்த மனுசன் செத்தாரு" என்று செல்லக்கிளி சொன்னார்.

மறுநாள் 26.6.2024 அன்று காவல் நிலையத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். 28.6.2024 அன்று நான் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டேன். ரகசியக் கோப்பை வெளியே எடுத்துச் சென்றதாகக் குற்றச்சாட்டு. வழக்கு கொலை வழக்காக மாற்றப்பட்டு லாரி ஓட்டுநர் கைதாகியிருப்பதாக அறிகிறேன். முத்திருளன் முன்ஜாமீன் பெற்றுவிட்டார். சூரியபிரகாஷும் அழகுராஜாவும் பணியில் இருக்கிறார்கள்.

என் தவறாக நான் இங்கே சொன்னவை என் மீதே வழக்காகக் கூடும் என்று நடுவர் அவர்கள் இரண்டு முறை எச்சரித்தார்கள். தெரிந்தேதான் சொல்கிறேன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எதையும் கூட்டவும் குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) அ. சத்யப்ரியா